தேய்க்காமல் தப்பிப்பது எப்படி? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

எங்கள் வீட்டில் நாலு பேர். துவைப்பதை மெஷின் பார்த்துக்கொள்கிறது, மடிப்பதைப் பிள்ளைகள் அரைகுறையாகவாவது செய்துவிடுகிறார்கள். தேய்ப்பது மட்டும் என் தலையில். அவருடைய ஆபீஸ் சட்டை, பிள்ளைகளின் யூனிஃபார்ம், என் காட்டன் டாப்ஸ், இவை மூன்றும் தேய்க்காமல் வெளியே போகாது. மாமியார் வந்து தங்கினால் தலையணை உறை, கைக்குட்டை, கை துடைக்கும் துண்டு என்று அது நீண்டுகொண்டே போகும். என்னைத் தேய்க்கச் சொல்லவே மாட்டார், தானே அயர்ன் பாக்ஸை எடுத்து வைத்துக்கொண்டு நிற்பார். அதைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார முடிகிறதா, சொல்லுங்கள்!

உங்கள் வீடுகளில் எதையெல்லாம் தேய்க்கிறீர்கள்? தேய்க்கவே வேண்டாம் என்று விட்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா? விட்ட பிறகு பார்க்கும்படியாக இருக்கிறதா?

*

அக்கா, நான் விட்டவள். எங்கள் வீட்டில் ஏதாவது விசேஷம் என்றால்தான் அயர்ன் பாக்ஸ் வெளியே வரும். மற்ற நாளில் கசங்கிய துணியோடு யாரும் போவதும் இல்லை.

துணி கசங்குவது அலமாரியில் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். பெரும்பாலும் மெஷின் ஸ்பின் முடிந்து நின்ற பிறகுதான் அது நடக்கிறது. பருத்தி இழை செல்லுலோஸ் என்ற பொருளின் நீண்ட சங்கிலிகளால் ஆனது. அந்தச் சங்கிலிகளை ஒன்றோடொன்று பிடித்து வைத்திருப்பவை ஹைட்ரஜன் பிணைப்புகள் என்ற பிடிகள். தண்ணீர் பட்டால் அந்தப் பிடி விட்டுப்போகும், காயும்போது துணி எப்படிக் கிடக்கிறதோ அப்படியே மறுபடி இறுகும். டிரம்முக்குள் முறுக்கிக்கொண்டு கிடந்தால் முறுக்கியபடியே, நேராகத் தொங்கினால் நேராகவே. அயர்ன் பாக்ஸும் இதைத்தான் செய்கிறது: ஈரமும் சூடும் கொடுத்துப் பிடியைத் தளர்த்தி, அழுத்தி நேராக்கி, அந்த நிலையில் காயவைக்கிறது. கொடியிலேயே இதை முடித்துவிட்டால் இரண்டாவது தடவை எதற்கு?

நான் செய்வது இதுதான். டிரம்மைத் திணித்து நிரப்ப மாட்டேன், துணி புரள இடம் வேண்டும். சட்டை போடும் நாளில் ஸ்பின் வேகத்தை நிமிடத்துக்கு 1200 சுற்றில் விடாமல் 600 அல்லது 800-க்குக் குறைத்துவிடுவேன். தண்ணீர் கொஞ்சம் சொட்டும், காய நேரமும் கூடும். ஆனால் அந்தத் தண்ணீரின் கனமே துணியைக் கீழே இழுத்துச் சுருக்கத்தை எடுத்துவிடும். மெஷின் நின்றதும் துணியை எடுத்துவிட வேண்டும். அப்புறம் எடுக்கலாம் என்று போனால் பட்ட பாடெல்லாம் வீண்.

சட்டையை இரண்டு தோள்பட்டையிலும் பிடித்து, சத்தம் வருகிற மாதிரி உதற வேண்டும். ஹேங்கரில் மாட்டி மேல் பட்டனைப் போட்டுவிடுங்கள். பிறகு பட்டன் பட்டியை மேலே ஒரு கையாலும் கீழே ஒரு கையாலும் பிடித்து விறைப்பாக ஒரு இழு. காலரைத் தூக்கி நிறுத்தி, இரண்டு விரலுக்கு நடுவே வைத்து நடுவிலிருந்து முனை வரை நீவிவிட்டு மடியுங்கள். கைப்பட்டிக்கும் பாக்கெட்டுக்கும் அதே மாதிரி. தையல் ஓடும் இடமெல்லாம் சுருங்குவதற்குக் காரணம், நூலும் துணியும் ஒரே அளவில் சுருங்காததுதான். ஈரத்தில் இழுத்துவிட்டால் அது அங்கேயே சரியாகிவிடும். பேன்ட்டைத் தலைகீழாக, கால் முனையில் கிளிப் போட்டுத் தொங்கவிடுங்கள், இடுப்புப் பக்கத்துக் கனம் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

ஒரு சட்டைக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. நின்று தேய்ப்பதோடு ஒப்பிட்டால் இதெல்லாம் வேலையே இல்லை.

*

நான் எதிர்க்கட்சி. எனக்குத் தேய்ப்பது பிடிக்கும். ராத்திரி ரேடியோவைப் போட்டுவிட்டு நின்றேன் என்றால் யாரும் என்னிடம் எதுவும் கேட்பதில்லை. வீட்டில் எனக்குக் கிடைக்கும் ஒரே நிம்மதியான நேரம் அது. அதனால் ஒழிக்கச் சொல்ல மாட்டேன், சீக்கிரம் முடிக்க வழி சொல்கிறேன்.

எலும்பு மாதிரி காய்ந்த துணியைத் தேய்க்காதீர்கள். லேசாக ஈரம் இருக்கும்போதே எடுத்துவிடுங்கள், ஒரே இழுப்பில் படியும். காய்ந்துவிட்டதா? தண்ணீர் தெளித்துச் சுருட்டிக் கொஞ்ச நேரம் வையுங்கள், ஈரம் உள்ளே பரவும். அடுத்து வரிசை. லேபிளில் அயர்ன் பாக்ஸ் படத்துக்குள் புள்ளி இருக்கும். ஒரு புள்ளி என்றால் அதிகபட்சம் 110 டிகிரி, இரண்டு என்றால் 150, மூன்று என்றால் 200. ஒரு புள்ளித் துணிகளில் தொடங்கி மேலே போக வேண்டும். பெட்டி சூடேறுவது சீக்கிரம், ஆறுவதற்குத்தான் யுகம் ஆகும். பருத்தியை முடித்துவிட்டுச் சிந்தெடிக்கை எடுப்பவர்கள் ஒன்று காத்திருக்கிறார்கள், இல்லை துணியைப் பொசுக்குகிறார்கள். ஒரு புள்ளித் துணிக்கு ஸ்டீமும் வேண்டாம்.

*

மேலே எழுதிய அண்ணாவுக்கு ஒரு கும்பிடு. எனக்கு அந்த நிம்மதி வேண்டாம். 😄

நான் போனது சுருக்கம் விழாத சட்டைகள் பக்கம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் மொத்தமாக அதுவே வாங்கினேன். நல்லது கெட்டது இரண்டையும் சொல்கிறேன். பருத்தியின் செல்லுலோஸ் சங்கிலிகளுக்கு நடுவே ரசாயனத்தால் குறுக்கே பாலம் போட்டு, ஈரம் பட்டாலும் நகராதபடி செய்வதுதான் அந்தத் துணியின் ரகசியம். அமெரிக்க வேளாண் துறையின் ஆய்வுக்கூடத்தில் இதில் பெரும்பங்கு வகித்தவர் ரூத் பெனரிட்டோ என்ற வேதியியலாளர். 55 காப்புரிமைகள் அவர் பெயரில் உண்டு, 2013-இல் காலமானார். தன்னைத் தனி ஆளாகக் கண்டுபிடித்தவர் என்று சொல்வதை அவரே ஒத்துக்கொள்ளவில்லையாம். அது தனிக்கதை.

துவைத்து மாட்டினால் போதும், நேராக நிற்கும், அதில் குறையே இல்லை. ஆனால் அந்தப் பாலங்களே பருத்தியின் பலத்தைக் குறைக்கின்றன. என் சட்டைகளில் முதலில் போனது காலர் மடிப்பும் கைப்பட்டி ஓரமும்தான். மற்ற இடம் புதுசாகவே இருக்கும், மடிப்பில் மட்டும் நூல் நூலாகப் பிரிந்துவிடும். வியர்த்தால் காற்றோட்டமும் சாதாரணப் பருத்தி அளவுக்கு இருப்பதில்லை என்பது என் உடம்பு சொல்வது. இந்த வகைத் துணிகளிலிருந்து தோலை உறுத்தக்கூடிய ஃபார்மால்டிஹைடு என்ற ரசாயனம் கொஞ்சம் வெளிவர வாய்ப்பு உண்டு. தோல் ஒத்துக்கொள்ளாதவர்களும், பொதுவாக எல்லோருமே, புதுச் சட்டையைத் துவைத்துவிட்டுப் போடுவது நல்லது.

இப்போது பாதிச் சட்டை அது, பாதி பின்னலாடைத் துணியில் தைத்த காலர் சட்டை. டி-ஷர்ட் ஏன் கசங்குவதில்லை? நெய்த துணி மாதிரி நேர் இழை இல்லாமல் வளையம் வளையமாகப் பின்னியிருப்பதால் மடித்தாலும் திரும்ப எழும்பிவிடுகிறது. ஆபீஸில் யாரும் வித்தியாசம் கண்டுபிடித்ததில்லை.

*

துணிக்கு நீராவி அடிக்கும் ஸ்டீமர் வாங்கலாமா என்று அடுத்து யாராவது கேட்பீர்கள், முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறேன். மெல்லிய துணிக்கு, வேலைப்பாடு வைத்த துணிக்கு அருமை. கெட்டியான பருத்திச் சட்டையின் காலருக்கு அது உதவாது, அழுத்தம் இல்லாமல் காலர் எங்கே படியும்? வெளியூர் போனால் நான் வெந்நீரில் குளிக்கும்போது சட்டையைக் குளியலறைக் கதவில் மாட்டிவிடுவேன். அந்த ஆவியில் மடித்த கோடு பாதி போய்விடும், மீதியை ஈரக் கையால் நீவிவிடுவேன். கூட்டத்தில் மேடையேறப் போவதில்லை என்றால் இது போதும்.

*

எங்கள் வீட்டுக் கதை வேறு. பிள்ளைகள் வளர்ந்ததும் “அவரவர் துணியை அவரவர் தேய்த்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லிவிட்டேன். பெரிய சண்டை வரும் என்று எதிர்பார்த்தேன். பையன் ஒரே வாரத்தில் ஸ்வெட்டருக்குள் போடும் சட்டைக்குக் காலரையும் கைப்பட்டியையும் மட்டும் தேய்க்கக் கற்றுக்கொண்டான். பெண் கசங்காத துணியாகப் பார்த்து வாங்க ஆரம்பித்தாள். கடையில் துணியை ஒரு கையில் கசக்கிப் பிடித்து, விட்டுப் பார்க்கிறாள். கோடு விழுந்தால் வைத்துவிட்டு வந்துவிடுவாள். அதில் முதலில் அடிபடுவது லினன்தான். விஸ்கோஸும் (ரேயான்) மோசம்.

படுக்கை விரிப்பைத் தேய்ப்பதை நானே நிறுத்தினேன். ஈரத்தில் இரண்டு பேர் எதிரெதிர் மூலையைப் பிடித்து இழுத்து, ஓரம் சேர்த்து மடித்துக் கொடியில் போட்டால் போதும். விரித்த பிறகு யாருக்கும் தெரிவதில்லை, படுத்தால் எப்படியும் கசங்கத்தான் போகிறது. துண்டுக்கு மட்டும் யாரும் மென்மையாக்கும் திரவம் ஊற்றாதீர்கள். சுருக்கம் குறையும், தண்ணீரை உறிஞ்சுவதும் குறையும்.

மாமியார் விஷயத்தில் என் யோசனை: தேய்க்கட்டும், விடுங்கள். மேலே ஒரு அண்ணா சொன்ன நிம்மதி அவருக்கும் அதில் இருக்கலாம்.

*

எல்லோரும் சட்டையைப் பற்றியே சொல்கிறீர்கள். யூனிஃபார்ம் பாவாடையில் வரிசையாக மடிப்பு வருமே, அதற்கு என்ன செய்வது? எனக்கு ஒன்றை முடித்தால் அடுத்தது கலைகிறது.

*

பாலியெஸ்டர் கலந்த துணியா என்று லேபிளைப் பாருங்கள். கலந்திருந்தால் அந்த மடிப்பைச் சூட்டில் வைத்தே நிலைப்படுத்தியிருப்பார்கள், அவ்வளவு சீக்கிரம் போகாது. அதைக் கெடுப்பது வெந்நீரும், அதே சூட்டோடு போடும் வேகமான ஸ்பின்னும்தான். பச்சைத் தண்ணீரில் போடுங்கள், மென்துணி சுற்றில் விடுங்கள். எடுத்ததும் ஒவ்வொரு மடிப்பையும் விரலால் சேர்த்து, கீழ் ஓரத்தில் துணிக் கிளிப் போட்டு, இடுப்பைப் பிடித்துத் தொங்கவிடுங்கள். முழுப் பருத்தி என்றால் கிளிப் போட்டும் கொஞ்சம் தேய்க்க வேண்டியிருக்கும், அதற்கு வேறு வழி எனக்குத் தெரிந்து இல்லை. அடுத்த தடவை வாங்கும்போது கலப்புத் துணியாக எடுத்துவிடுங்கள்.