கோடை லீவில் வரையும்போது முதுகுக்குப் பின்னால் நின்றவர் என்ன சொன்னார்?

பழங்காநத்தம், ஓவிய ஆசிரியர்

ஓவியத்துக்கான அரசுத் தேர்வில் ஹையர் கிரேடு தேறி, பிளஸ் டூ முடித்ததும் கலைக் கல்லூரிக்குத்தான் போவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கும் பிள்ளைகள் வருடத்துக்கு ஐந்தாறு பேர் என்னிடம் வருவார்கள். பிளஸ் ஒன் பரீட்சை முடிந்த கையோடு அவர்களுக்கு நான் கொடுக்கும் வேலை: 60 பக்க ஸ்கெட்ச் புக் ஒன்று நிரம்ப வேண்டும், 5 வாட்டர் கலர் முடிக்க வேண்டும், போனைப் பார்த்து எதையும் வரையக் கூடாது, வீட்டை விட்டு வெளியே போய் உட்கார வேண்டும். கடைசி நிபந்தனைக்குத்தான் முகம் சுருங்கும். வெயிலுக்குப் பயந்து இல்லை. யாராவது பின்னால் வந்து நிற்பார்களே என்றுதான்.

நிற்கட்டும் என்பேன். போன மே மாதம் ஆறு பேரை திருமலை நாயக்கர் மகாலுக்குக் கூட்டிப் போனேன். 1636-இல் கட்டியதில் இன்றைக்கு மிச்சம் நிற்பது ஒரு பகுதிதான். அதன் தூண்களைப் பார்த்தே பையன்களுக்கு மூச்சு முட்டிவிட்டது. ஒருவன் ஒன்றரை மணி நேரம் ஒரே தூணை வரைந்தான். ஷேடிங் அருமை. மெதுவாக, கருப்பாக எழுதும் 6பி பென்சிலைப் பாதி தேய்த்திருந்தான். அங்கே கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்த அம்மா துடைப்பத்தை ஊன்றி நின்று பார்த்தார். "தம்பி, தூணு அந்தரத்துல தொங்குதே. கீழ தரை எங்க? நான் தெனமும் கூட்டுற எடம், எனக்குத் தெரியாதா?"

உண்மைதான். தரை தட்டையாகத்தானே இருக்கிறது என்று தூணின் அடியை ஸ்கேல் வைத்த மாதிரி நேர்கோடாக முடித்திருந்தான். தரையில் உட்கார்ந்து பார்த்தால் கண்மட்டத்துக்குக் கீழே இருக்கும் அடிவட்டம் லேசாகக் கீழ்நோக்கி வளையும். மேலே போகப் போக வட்டங்கள் மேல்நோக்கி வளையும், கண்மட்டத்தை விட்டுத் தள்ளிப் போகும் அளவுக்கு வளைவு கூடும். தூண் தரையைத் தொடும் இடத்தில் ஒரு கருப்பு இழை இருக்கும். அதுவும் இல்லை. இதையே நான் பலகையில் மூன்று தடவை போட்டுக் காட்டியிருக்கிறேன். அவனுக்கு ஏறவே இல்லை. அந்த அம்மா சொன்னதும் ஏறிவிட்டது. எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

உங்களுக்கும் இப்படி யாராவது வாய்த்திருப்பார்கள். எழுதுங்கள்.


ஒத்தக்கடை, இந்த வருடம் பிளஸ் டூ

சார் கொடுத்த 5 வாட்டர் கலரில் நாலு யானைமலைதான், படுத்த யானை மாதிரி இருக்கிற எங்கள் ஊர் மலை. வீட்டிலிருந்து பார்த்தால் அது மட்டும்தான் தெரியும், அதனால்.

முதல் வாரம் முழுக்கத் தோல்வி. வானத்துக்கு வாஷ், அதாவது தண்ணீரில் கரைத்த கலரை ஒரே பூச்சாகப் போட்டுக்கொண்டு இந்த ஓரத்துக்கு வருவதற்குள் அந்த ஓரம் காய்ந்து, நடுவில் பட்டை பட்டையாகக் கோடு விழுந்துவிடும். மதியம் பன்னிரண்டு மணிக்கு மொட்டை மாடியில் உட்கார்ந்தால் வேறென்ன ஆகும்? மலையிலும் அந்த நேரம் நிழலே கிடையாது, வெளுத்துப்போய் கிடக்கும். அப்புறம் காலை ஆறு மணிக்கு மாற்றினேன். காகிதத்தின் பின்பக்கத்தையும் நனைத்து ஒரு பிளாஸ்டிக் பலகையில் ஒட்டவைத்து, அதன்மேல் வாஷ் போட்டால் கொஞ்ச நேரம் ஈரம் நிற்கிறது. மெடிக்கலில் கிளிசரின் வாங்கித் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டாலும் காய்வது மெதுவாகும். நான் ஆர்வத்தில் ஏழெட்டுச் சொட்டு விட்டேன். மறுநாள் வரை பிசுபிசுத்து, அடுத்த பக்கத்தோடு ஒட்டிக்கொண்டு, இரண்டும் கிழிந்தன.

சொல்ல வந்தது அது இல்லை. ஒரு சாயங்காலம் நரசிங்கம் போகிற ரோட்டோரம் வரைந்துகொண்டிருந்தேன். பருத்திப்பால் வண்டி அண்ணன் வந்து நின்றார். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "ஆனை படுத்துல்ல கெடக்கு. நீ எந்திரிக்க வச்சுட்டியே" என்றார். எனக்குக் கோபம் வந்தது. அவர் போனபிறகு கையை நீட்டி, பென்சிலால் மலையின் உயரத்தை அளந்து, அந்த அளவு நீளத்தில் எத்தனை தடவை போகிறது என்று பார்த்தேன். படத்தில் நான் மலையை ஏறக்குறைய இரண்டு மடங்கு உயரமாகப் போட்டிருந்தேன். முந்தைய இரண்டிலும் அதே தப்பு. மலை என்றாலே உயரம் என்று மனசு நினைத்துக்கொள்கிறது போல. நாலாவது வரைந்ததும் அவரிடம் காட்ட வேண்டுமென்று இரண்டு நாள் காத்திருந்தேன். பார்த்துவிட்டு, "இப்பத்தான் தூங்குது" என்றார். பருத்திப்பாலுக்குக் காசு வாங்கிக்கொண்டார்.


வில்லாபுரம், ஒரு அம்மா

நான் வரைகிறவள் இல்லை. என் மகள் வரைகிறாள். பின்னால் நின்று பார்ப்பவள் நான், அதனால் எழுதலாம் என்று நினைக்கிறேன்.

வீடு முழுக்கப் பென்சில் தூள். சொந்தக்காரர்கள் வந்தால் "படம் போட்டா சோறு கெடைக்குமா" என்ற கேள்வி. வாட்டர் கலருக்கான தடித்த 300 ஜிஎஸ்எம் காகிதம் ஒரு தாள் என்ன விலை என்று கேட்டு நானும் திட்டியிருக்கிறேன். சரி, அதை விடுங்கள்.

நான் வீட்டில் பூக் கட்டுகிறேன். போன லீவில் கை வரைந்து பழகுகிறேன் என்று எதிரில் உட்கார்ந்தாள். "அம்மா, கையை அசைக்காத." பூக் கட்டுகிற கை அசையாமல் எப்படி இருக்கும்? நான் நிறுத்திக் காட்டினால் அது பூக் கட்டுகிற கை இல்லை, சும்மா நீட்டிய கை. அவளே படத்தைப் பார்த்துவிட்டு, "செத்த கை மாதிரி இருக்கு" என்றாள். வெடுக்கென்று இருந்தது.

அப்புறம் ஒரு வேலை செய்தாள். போனில் ஒரு நிமிடம் அலாரம் வைப்பாள், அதற்குள் என் கை எப்படிப் போகிறதோ அப்படியே நாலு கோடு, அடுத்த பக்கம். அன்றைக்கு மட்டும் 22 பக்கம். முதல் பத்தில் எனக்கு ஒன்றும் புரியவில்லை. கடைசி இரண்டில் ஆள்காட்டி விரல் வாழைநாரை மடக்கி இழுப்பது தெரிந்தது. அந்த விரல் எனக்கு ஒரு பக்கமாக வளைந்துபோய்விட்டது, இத்தனை வருடமாக நார் இழுத்து. அது கோட்டில் இருந்தது. "ஏன்டி, என் விரல் இவ்வளவு கோணலா" என்று கேட்டேன். "நீ பாத்ததே இல்லையாம்மா?" என்றாள்.

பெரிய படமாக இன்னும் முடிக்கவில்லை. மொக்கு வெள்ளையாக நிற்க வேண்டுமென்றால் வாட்டர் கலரில் வெள்ளையைப் பூசக் கூடாதாம், காகிதத்தையே விட்டுவிட வேண்டுமாம். மொக்குகளைச் சுற்றிச் சுற்றிப் பச்சை பூசிக்கொண்டிருக்கிறாள்.


தெப்பக்குளம், இப்போது கல்லூரி மூன்றாம் ஆண்டு

என் கதை கொஞ்சம் அசிங்கம். பிளஸ் டூ லீவு முழுக்க நான் நடிகர்கள் முகமாக வரைந்து தள்ளினேன். போட்டோவில் கட்டம் போட்டு, தாளிலும் கட்டம் போட்டு, கட்டத்துக்குக் கட்டம் நிரப்புவது. லைக் குவிந்தது. ஒரு கலைக் கல்லூரியின் சேர்க்கைத் தேர்வில் ஒருவரை நாற்காலியில் உட்காரவைத்து வரையச் சொன்னார்கள். கட்டம் எங்கே? தலையை வரைந்து கழுத்துக்கு வருவதற்குள் தாளில் இடம் முடிந்துவிட்டது. கால் தாளுக்கு வெளியே. அந்த வருடம் இடம் கிடைக்கவில்லை.

அடுத்த கோடை தினமும் சாயங்காலம் தெப்பக்குளத்துச் சுவர். காற்று வாங்க வருகிறவர்கள்தான் மாடல். யாரும் ஐந்து நிமிடம் ஒரே மாதிரி உட்காரமாட்டார்கள். எழுந்து போய்விடுவார்கள், பாதி முதுகோடு நம் படம் நிற்கும். மதுரையில் பிறந்த ஓவியர் மனோகர் தேவதாஸ் கண்பார்வை சுருங்கிக்கொண்டே போன காலத்திலும் இந்த ஊரைப் பேனாவில் இழை இழையாக வரைந்தவர், 2020-இல் பத்மஸ்ரீ பெற்றவர். அவர் படங்களைப் பார்த்தபிறகு நான் ரப்பரை வீட்டிலேயே வைத்துவிட்டுப் பேனாவோடு போனேன். தப்பு நடந்தால் நடந்ததுதான்.

ஒருநாள் ஒரு பெரியவர் நான் வரைவதைக் கண்டுபிடித்துவிட்டார். நேராக வந்து நோட்டை வாங்கினார். அடி விழும் என்று நினைத்தேன். "செருப்ப ஏன்யா விட்ட?" கழற்றி ஓரமாக வைத்திருந்த செருப்பு. அதை வரைந்தபிறகுதான் அவர் உட்கார்ந்திருக்கும் சுவருக்கும் தரைக்கும் எவ்வளவு உயரம் என்று படத்தில் தெரிந்தது. அதற்கு முன்பு அவர் எங்கேயும் உட்கார்ந்திருக்கவில்லை.


கீழவாசல், பழைய பேனர் ஆள்

தெப்பக்குளம் தம்பி, கட்டத்தைத் திட்டாதீர்கள். சினிமா பேனர் எழுதி நான் சோறு சாப்பிட்டதே கட்டத்தில்தான். உள்ளங்கை அகல போட்டோவை 20 அடிக்குத் தூக்க வேண்டுமென்றால் கட்டம் இல்லாமல் ஆகாது. ஆனால் பட்டறையில் முதல் வருடம் எங்களைக் கட்டம் தொடவிடமாட்டார்கள். கலர் குழைப்பது, பிரஷ் கழுவுவது, வாத்தியார் வரைவதைப் பார்ப்பது. பார்க்கிற கண் வந்தபிறகு கட்டம் பிடித்தால் அது கருவி. உங்களுக்கு வரிசை மாறிவிட்டது, அவ்வளவுதான்.

பேனரில் மூக்கு மட்டும் மூணு அடி இருக்கும். கிட்டத்தில் நின்றால் மூக்கா சுவரா என்று தெரியாது. சாரத்திலிருந்து இறங்கி, ரோட்டைத் தாண்டி, எதிர்த்த டீக்கடையில் நின்று பார்ப்போம். டீ மாஸ்டர்தான் எங்கள் முதல் விமர்சகர். "இடது கண்ணு தூங்குது" என்பார். மறுபடி ஏறு. வீட்டில் வரைகிற பிள்ளைகள் இதைச் செய்வதே இல்லை. தாளை மடியில் வைத்து ஒரு ஜாண் தூரத்தில் முடித்துவிடுகிறார்கள். சுவரில் சாய்த்து வைத்துப் பத்தடி தள்ளிப் போய், கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். இருட்டும் வெளிச்சமும் மட்டும் தெரியும். அது சரியாக இருந்தால் மூக்கு தானாக வந்து உட்காரும்.

ஃப்ளெக்ஸ் வந்தது, பட்டறை போயிற்று. அதைப் பேச ஆரம்பித்தால் விடிந்துவிடும்.


பழங்காநத்தம், ஓவிய ஆசிரியர்

கீழவாசல் அண்ணனை இத்தனை நாள் எப்படி விட்டுவைத்தோம்? வரும் ஞாயிறு கீழக்குயில்குடி போகிறோம். சமணர் மலையில் செட்டிப்புடவு என்ற குகையில் உள்ள சமணச் சிற்பங்களைக் காலை வெளிச்சத்தில் வரைய வேண்டும், அப்புறம் ஐயனார் கோயில் ஆலமரத்தடி, தாமரைக் குளம். பாறை சூடேறுவதற்குள் இறங்கிவிட வேண்டும். பாதுகாக்கப்பட்ட இடம், பாறையில் தண்ணீர்கூடச் சிந்தக் கூடாது, கலர் வேலை கீழே மரத்தடியில் மட்டும். தொப்பி, இரண்டு லிட்டர் தண்ணீர், பேனா. அண்ணன், ஆறு மணிக்கு உங்கள் வீட்டு வாசலுக்கு வண்டி வரும். வரைய வேண்டாம், பின்னால் நின்றால் போதும்.