சிறுநீர்த் தொற்று மாத்திரையால் மூச்சு வாங்குமா?

கரூர்க்காரி:
அம்மாவுக்கு 68 வயது. அடிக்கடி சிறுநீர்த் தொற்று வந்ததால் தினமும் இரவு நைட்ரோஃபுரான்டாயின் 100 மி.கி. போடச் சொன்னார்கள், ஒரு வருடத்துக்கு மேல் நிறுத்தாமல் ஓடுகிறது. தொற்று நின்றுவிட்டது, அதில் குறையில்லை. ஆனால் சில மாதமாக வறட்டு இருமல், மாடிப்படி ஏறினால் பாதியில் நின்றுவிடுகிறார். சளி, காய்ச்சல் எதுவும் இல்லை. பக்கத்து கிளினிக்கில் இருமல் டானிக், அப்புறம் இன்னொரு ஆன்டிபயாடிக். எதற்கும் கேட்கவில்லை. அந்த இரவு மாத்திரைக்கும் நுரையீரலுக்கும் சம்பந்தம் இருக்குமா?

சுக்குக்காபி:
வயதானால் மூச்சு வாங்கத்தான் செய்யும் சகோ. ஆடாதோடை கஷாயம் கொடுத்துப் பாருங்கள்.

மருந்துக்கடை_தம்பி:
கஷாயத்தை அப்புறம் பார்ப்போம். அக்கா, சம்பந்தம் இருக்கலாம். இந்த மருந்து அபூர்வமாக நுரையீரலில் அழற்சி உண்டாக்கும். அதில் இரண்டு வகை. ஒன்று, ஆரம்பித்த ஓரிரு வாரத்துக்குள் காய்ச்சல், இருமல், மூச்சுத்திணறல் என்று சட்டென்று வரும், ரத்தத்தில் ஈசினோஃபில் என்ற ஒரு வகை வெள்ளை அணு ஏறும், மாத்திரையை நிறுத்தினால் சில நாளில் இறங்கிவிடும். இன்னொன்று ஆறு மாதம், ஒரு வருடம் என்று தொடர்ந்து சாப்பிடுகிறவர்களுக்கு, அதிலும் வயதான பெண்களுக்கு, சத்தமில்லாமல் வருவது. நீங்கள் சொல்வது இதைத்தான் ஞாபகப்படுத்துகிறது. காய்ச்சல் இல்லாததால் யாரும் சந்தேகப்படுவதில்லை. கண்டுகொள்ளாமல் விட்டால் நுரையீரலில் தழும்பு விழுந்து, அது முழுதாக மாறாமலே போகலாம். எழுதிக் கொடுத்த டாக்டரிடம் இன்றே பேசுங்கள், நிறுத்துவதா, பதிலுக்கு என்ன என்று அவர் சொல்லட்டும். நுரையீரல் மருத்துவரிடம் சிடி ஸ்கேன் பற்றிக் கேளுங்கள், சாதா எக்ஸ்ரேயில் சில சமயம் தெரியாது. உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

பழைய_நோட்டு:
என் அப்பாவுக்கு எலும்புத் தொற்றுக்காக டாப்டோமைசின் ஊசி போட்டபோது இதே கதைதான். சில வாரத்தில் காய்ச்சலும் மூச்சுத்திணறலும் வர, புதிதாக நிமோனியா என்று நினைத்து ஆன்டிபயாடிக்கைக் கூட்டினார்கள். ஈசினோஃபில் ஏறியிருப்பதை ஒரு இளம் டாக்டர் கவனித்த பிறகுதான் அந்த ஊசியை நிறுத்தி ஸ்டீராய்டு கொடுத்தார்கள், சீக்கிரமே தெளிந்தார். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2010-லேயே இதைப் பற்றி எச்சரித்திருக்கிறது.

கரூர்க்காரி:
நன்றி தம்பி. டாக்டரிடம் பேசிவிட்டேன், மாத்திரையை நிறுத்தச் சொல்லிவிட்டார். நாளை ஸ்கேன்.

மருந்துக்கடை_தம்பி:
நல்லது அக்கா. பழைய சீட்டு எல்லாவற்றையும் கையோடு எடுத்துப் போங்கள். மாத்திரைதான் காரணம் என்று உறுதியானால் ஃபைலின் முதல் பக்கத்திலேயே அதன் பெயரை எழுதி வாங்கிவிடுங்கள். அடுத்த தொற்றுக்கு வேறொரு டாக்டர் தெரியாமல் அதையே எழுதிவிடக் கூடாது.