பதில்: ‘சிஸ்ட்’டுக்கு நீர்க்கட்டி வேண்டாமே

குழுவினருக்கு வணக்கம்.

அமீபாத் தொற்று பற்றிய துண்டுப்பிரசுரத்தில், உறை போட்டுக்கொண்ட அமீபாவைக் குறிக்கும் ‘சிஸ்ட்’ (cyst) என்ற சொல்லைத் தமிழில் எப்படி எழுதுவது என்று தம்பி கேட்டதற்கு, ‘நீர்க்கட்டி’க்குத்தான் கூடுதல் ஆதரவு வந்திருக்கிறது. அகராதியில் இருக்கிறது, சரி. இந்த இடத்துக்கு அது ஒத்துவராது.

கொழும்பில் நீர்க்கட்டி என்றால் சூலகத்தில் வருவது, ஸ்கான் எடுத்துப் பார்ப்பது, சில வேளை வெட்டி எடுப்பது. கொட்டாஞ்சேனையில் ஒரு தாய் மகனின் மலப் பரிசோதனை அறிக்கையை என்னிடம் நீட்டி, “பிள்ளைக்குக் குடலுக்குள்ள கட்டியாம், ஒப்பரேஷன் செய்ய வேணுமோ?” என்று கேட்டார். தாளில் இருந்தது ஒரே வரி: என்டமீபா ஹிஸ்டோலிட்டிக்கா / டிஸ்பார் சிஸ்டுகள் காணப்பட்டன. இவை இரண்டு அமீபா இனங்கள், முதலாவதுதான் நோயாக்குவது. யாரோ நல்ல எண்ணத்தில் அதைத் தமிழாக்கிச் சொல்லியிருக்கிறார்கள். பிள்ளை பக்கத்தில் நின்று ஐஸ்பழம் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

இதில் கட்டியும் இல்லை, நீரும் இல்லை. பெருங்குடலில் இருக்கும் அமீபா உருண்டு, தன்னைச் சுற்றித் தடித்த உறை ஒன்றைப் போட்டுக்கொள்கிறது. அளவு 10 முதல் 15 மைக்ரோமீற்றர். முதிர்ந்தால் உள்ளே நான்கு கரு. மலத்தோடு வெளியே வந்து ஈரமான இடத்தில் நாட்கணக்காக, சில வேளை வாரக்கணக்காகக் கூடத் தாக்குப்பிடிக்கும். இன்னொருவர் விழுங்கினால் இரைப்பை அமிலத்தையும் தாண்டிச் சிறுகுடலுக்குப் போய் உறையை உடைத்துக்கொண்டு வெளியே வரும். குழாய் நீரில் வழக்கமாகக் கலக்கும் அளவு குளோரின் இதைக் கொல்லப் போதாது. அம்பத்தளை நீர்ச்சுத்திகரிப்பு நிலையத்தில் எவ்வளவு சுத்திகரித்து அனுப்பினாலும், வழியில் குழாய் வெடித்துக் கழிவுநீர் கசிந்தால் கொதித்தாறிய நீர்தான் பாதுகாப்பு. இவ்வளவும் அந்த உறையால் வருவது. சொல்லில் உறை தெரியவேண்டும்.

கட்டியைத் தவிர்க்க இன்னொரு காரணமும் உண்டு. இதே நோயில் உண்மையான கட்டி ஒன்று வருகிறது: ஈரலில் சீழ்க்கட்டி. யாழ்ப்பாணத்தில் இது நன்கு அறிந்த நோய். பெரும்பாலும் ஆண்களுக்கு, அதிலும் கள் குடிப்பவர்களுக்கு. ஒரே பிரசுரத்தில் நீர்க்கட்டியும் சீழ்க்கட்டியும் வந்தால் வாசிப்பவர் என்ன செய்வார்? ஈரலில் நீர் நிறைந்த பையாக வளரும் நாடாப்புழு வகையும் இருக்கிறது. நீர்க்கட்டியை அதற்கே விட்டுவிடுவோம்.

‘முட்டை’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அது இன்னும் ஆபத்து. முட்டை என்றதும் புழு என்று நினைத்துப் பூச்சி மாத்திரையைக் குடித்துவிட்டு இருந்துவிடுவார்கள். அந்த மாத்திரைக்கு அமீபா அசையாது. ‘சிறைப்பை’ பழைய சொல். மீண்டும் ஒரு பை. ‘கூடு’ அழகுதான், ஆனால் உள்ளே இருப்பதை விட்டுவிட்டு வெளியை மட்டும் சொல்கிறது.

என் முன்மொழிவு: உறையுரு. இணையாக, குடலில் ஊர்ந்து திரிகிற, ‘ட்ரோபோசொயிட்’ என்கிற நிலைக்கு உண்ணுரு. சென்னையிலிருந்து எழுதும் ஐயா ‘வளருயிரி’ என்கிறார். ஐயா, வளர்வதில் இதற்கு என்ன தனிச்சிறப்பு? தின்பதுதான் அதன் வேலை. ஹிஸ்டோலிட்டிக்காவின் உண்ணுரு குடற்சுவரையே அரித்துச் செங்குழியங்களை விழுங்குகிறது. நுணுக்குக்காட்டியில், விழுங்கிய செங்குழியங்களோடு அது தெரிந்தால், நோயாக்கும் இனம் என்று சொல்ல அதுவே வலுவான அடையாளம்.

இந்த இணை சிகிச்சையையும் விளங்கவைக்கும். மெட்ரோனிடசோல் என்கிற மருந்து உண்ணுருவைக் கொல்லும், உறையுருவில் அவ்வளவாகச் செல்லாது. அதனால்தான் பின்னால் டிலொக்சனைட் அல்லது பரோமோமைசின் என்று இரண்டாவது மருந்து ஒன்றைக் கொடுக்கிறார்கள். நம் ஆட்களோ முதல் மருந்தில் வயிற்றுளைவு நின்றதும் இரண்டாவது மருந்துக்கான துண்டை மேசை லாச்சிக்குள் போட்டுவிடுகிறார்கள்.

அமீபாவுக்கே தனித்தமிழ் கேட்டவர்களுக்கு: அது ஊரில் எல்லோர் வாயிலும் இருக்கிற சொல், விட்டுவிடுங்கள். 19ஆம் நூற்றாண்டில் மானிப்பாயில் மருத்துவ நூல்களைத் தமிழாக்கிய அமெரிக்க மிஷனரி கிறீன் வைத்தியரும் தமிழில் கிடைக்காததை அப்படியே எழுத அஞ்சவில்லை.

‘வெப்பமண்டல வயிற்றுளைவு’ என்ற தலைப்பும் வேண்டாம். 1875இல் லெஷ் என்ற மருத்துவர் இந்த அமீபாவை விவரித்தது பனி கொட்டும் சென்ட் பீற்றர்ஸ்பேர்க்கில். 1933இல் சிக்காகோவில் கண்காட்சி பார்க்க வந்தவர்களுக்குத் தொற்றியது ஹோட்டல் குழாய்களில் கழிவு கலந்ததால். வெயிலில் பழியைப் போட்டால், ஒரு தோட்டத்தில் பல குடும்பங்கள் ஒரே மலசலகூடத்தைப் பாவிக்கும் கதை பிரசுரத்திலிருந்து நழுவிவிடும்.

நோயில்லாமல் உறையுருவை வெளியேற்றுபவரை என்ன சொல்வது? ‘நோய்க்காவி’யை டெங்கு நுளம்புக்குக் கொடுத்துவிட்டோம். ‘உறையுரு கழிப்பவர்’ சரிவருமா?

வெள்ளவத்தையிலிருந்து

*

அக்கா, உறையுருவும் உண்ணுருவும் எனக்குச் சம்மதம். வார்டில் தாதியரிடம் சொல்லிப் பார்த்தேன், விளக்கம் கேட்காமலே பிடித்துக்கொண்டார்கள்.

‘கழிப்பவர்’ மட்டும் வேண்டாம். சாப்பாட்டுக் கடையில் கொத்து ரொட்டி போடுகிற பையனின் தாளில் அப்படி எழுதினால் முதலாளி அன்றைக்கே அனுப்பிவிடுவார். அறிக்கையில் இரண்டு இனப் பெயர்களுக்கும் நடுவில் இருக்கும் அந்தச் சாய்கோட்டையும் (/) மறக்கக்கூடாது. ஹிஸ்டோலிட்டிக்காவின் உறையுருவும் டிஸ்பாரின் உறையுருவும் நுணுக்குக்காட்டியில் ஒன்றுபோலவே இருக்கும். இரண்டும் வேறு இனம் என்று பிரெஞ்சு ஒட்டுண்ணியியலாளர் புரூம்ப்ட் 1925இலேயே சொன்னார், 1993இல்தான் அது நிலைபெற்றது. டிஸ்பார் நோயாக்குவதில்லை, அதற்கு மருந்தும் வேண்டாம். பிரித்தறிய அன்டிஜன் சோதனையோ பீ.சீ.ஆரோ தேவை.

கொரோனாக் காலத்தில் ‘தொற்றாளர்’ என்ற சொல் எல்லோருக்கும் பழகிவிட்டது. ‘அறிகுறியற்ற தொற்றாளர்’ என்று போடுங்கள். நீளம்தான், ஆனால் யாரையும் நோயாளி ஆக்காது.

*

டொக்டர், நன்றி. தொற்றாளரை எடுத்துக்கொள்கிறேன். இனம் பிரித்தறியாத இடத்தில் ‘ஹிஸ்டோலிட்டிக்கா அல்லது டிஸ்பார்’ என்று முழுதாக எழுதுவோம்; சாய்கோட்டை யாரும் வாசிப்பதில்லை.

தம்பி, முதல் தடவை வரும்போது மட்டும் ‘உறையுரு (சிஸ்ட்)’ என்று போடும். அறிக்கைத் தாளில் அவர்கள் பார்க்கப்போவது சிஸ்ட்தான். பன்மை ‘உறையுருக்கள்’. சிங்களப் பிரதியோடு ஒப்பிட்டுவிட்டு, கை கழுவும் பகுதியை மருந்துப் பகுதிக்கு மேலே ஏற்றிவிட்டு அனுப்பும், மெய்ப்புப் பார்த்துத் தருகிறேன்.