குழந்தைகளில் தசைச் சிதைவு (தசை திடீரென உடையும் ராப்டோமயோலிசிஸ்), கருத்த சிறுநீர், முதல் 24 மணி நேரம்: அனுபவப் பகிர்வு

குழந்தைநல மருத்துவர், அவசரப் பிரிவு
ஃப்ளூ காய்ச்சல் இறங்கிய ஓரிரு நாளில், "நடக்கவே மாட்டேங்குது" என்று தூக்கிக்கொண்டு வரும் குழந்தைகள்தான் அதிகம். கெண்டைக்காலைத் தொட்டால் அலறும், நுனிக்காலில் நிற்கும். முழங்காலில் தட்டும்போது கால் துள்ளி, வலுவும் குறையாமல் இருந்தால் நரம்புக் கோளாறாக இருக்க வாய்ப்பு குறைவு. தசை உடைந்தால் ரத்தத்தில் ஏறும் நொதியான சி.கே. (கிரியாட்டின் கைனேஸ்) சில ஆயிரம் இருந்தாலும் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் தானாகவே சரியாகிவிடும். ஆனால் சிறுநீரைப் பார்க்காமல் வீட்டுக்கு அனுப்பாதீர்கள். கடுங்காப்பி நிறத்தில் போனால் அன்றே அட்மிட் செய்யுங்கள். வலி, பலவீனம், கருத்த சிறுநீர் மூன்றும் ஒன்றாகச் சேர்ந்து வரும் என்று காத்திருக்க வேண்டாம். குழந்தைகளிடம் அது அரிது.

ஆய்வகத்திலிருந்து
சிறுநீர் சோதனை ஸ்டிரிப்பில் ரத்தம் 3+, மைக்ரோஸ்கோப்பில் சிவப்பணு இல்லை என்றால் உடைந்த தசையிலிருந்து வரும் புரதமான மயோகுளோபினை நினையுங்கள். ரத்த அணு உடைந்திருந்தாலும் இப்படித்தான் வரும். அப்போது சீரம் இளஞ்சிவப்பாக இருக்கும், மயோகுளோபினில் தெளிவாக இருக்கும். மயோகுளோபின் சில மணி நேரத்திலேயே ரத்தத்திலிருந்து வடிந்துவிடுவதால், தாமதமாக எடுத்த ஸ்டிரிப் நெகட்டிவ் ஆனாலும் நோயில்லை என்று சொல்ல முடியாது. சி.கே. உச்சத்துக்குப் போக 1 முதல் 3 நாள் ஆகும். முதல் மதிப்பு குறைவாக இருந்தால் மறுபடி அனுப்புங்கள். இன்னொன்று: கல்லீரல் சோதனையில் பார்க்கும் ஏ.எஸ்.டி., ஏ.எல்.டி. நொதிகள் இரண்டும் தசையிலிருந்தும் வரும். தசையிலிருந்து வராத கல்லீரல் நொதியான ஜி.ஜி.டி. சரியாக இருக்கும்போது கல்லீரலைத் தேடி நாளைக் கடத்த வேண்டாம்.

சிறுநீரக மருத்துவர் (குழந்தைகள்)
சிதைந்த தசை நீரை உறிஞ்சி வீங்குவதால் ரத்த ஓட்டத்தில் நீர் குறைகிறது. சிறுநீர் கெட்டிப்பட்டு அமிலமாகும்போது மயோகுளோபின் சிறுநீரக நுண்குழாய்களில் உறைந்து அடைக்கிறது. அதனால்தான் சலைனை சீக்கிரம் ஓடவிடச் சொல்கிறோம்.

20 கிலோ குழந்தை, இதயக் கோளாறு இல்லை, உடலில் நீர் வற்றியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் நார்மல் சலைன் கிலோவுக்கு 20 மில்லி, அதாவது 400 மில்லி. பிறகு, வழக்கமான அன்றாடத் தேவை 1500 மில்லி. அதன் இரு மடங்கு 3000 மில்லி, 24 மணி நேரத்துக்குப் பிரித்தால் மணிக்கு 125 மில்லி. சிறுநீர் மணிக்கு 40 மில்லிக்குக் குறையாமல் வர வேண்டும். சிறுநீர் வரவில்லை, உடம்பு வீங்குகிறது என்றால் இதே வேகத்தில் ஏற்றிக்கொண்டே போகக் கூடாது. நுரையீரலில் நீர் கோத்துவிடும்.

அதிகம் ஏமாற்றுவது கிரியாட்டினின், அதாவது சிறுநீரகம் வேலை செய்கிறதா என்று காட்டும் ரத்த அளவு. 0.3 இருந்த குழந்தைக்கு 0.6 வந்தால் ரிப்போர்ட்டில் நார்மல் என்றே இருக்கும். உண்மையில் அது இரட்டிப்பு, இரண்டாம் நிலைச் சிறுநீரகப் பாதிப்பு. பழைய மதிப்பைக் கேட்டு வாங்குங்கள்.

கால்சியம் குறைவாக வந்தாலும் இசிவோ இ.சி.ஜி. மாற்றமோ இல்லாமல் ஏற்றாதீர்கள். தசையில் போய்ப் படிந்த கால்சியம் குணமாகும்போது திரும்பி வந்து அளவு மிஞ்சும். சிறுநீரின் அமிலத்தைக் குறைக்கும் பைகார்பனேட் எல்லோருக்கும் தேவை என்பதற்கு வலுவான ஆதாரம் இல்லை. டயாலிசிஸை முடிவு செய்வது அடங்காத பொட்டாசியம், அமிலத்தன்மை, நீர்த் தேக்கம் ஆகியவைதான், சி.கே. எண்ணை மட்டும் பார்த்து அல்ல.

வார்டு செவிலியர்
டாக்டர் சொன்ன 40 மில்லியை மணிக்கு மணி எழுதினால்தான் பயன். டயப்பர் குழந்தைக்கு ஈர எடையிலிருந்து உலர் எடையைக் கழியுங்கள், 1 கிராம் 1 மில்லி. பொட்டாசியம் கலந்த டிரிப் பாட்டில் தவறிக்கூட மாட்டிவிடக் கூடாது. பொட்டாசியம் அளவு பார்க்க ரத்த மாதிரி 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை ஆய்வகத்துக்குப் போகட்டும். மானிட்டரில் இ.சி.ஜி.யின் டி அலை கூர்மையானால் பொட்டாசியம் ஏறியிருக்கலாம், ரிப்போர்ட்டுக்காகக் காத்திராமல் டாக்டரைக் கூப்பிடுங்கள். வலிக்கு பாராசிட்டமால் மட்டும். ஐபுபுரூஃபென் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தை இன்னும் குறைக்கும். கால் கல் மாதிரி இறுகி, விரலை நீட்டினாலே கத்தினால் அறுவை மருத்துவருக்கு உடனே சொல்லுங்கள்.

வளர்சிதை நோய்ப் பிரிவு
இரண்டாவது முறை வந்தாலோ, பட்டினிக்கும் காய்ச்சலுக்கும் பிறகு சி.கே. லட்சத்தைத் தாண்டினாலோ வைரஸ் என்று முடித்துவிடாதீர்கள். கொழுப்பை எரிசக்தியாக்க முடியாத பரம்பரை நோயான சி.பி.டி.-2 குறைபாடு, சின்னக் குழந்தை என்றால் எல்.பி.ஐ.என்.1 மரபணுக் கோளாறு இருக்கலாம். கொழுப்பு எரிவதில் உள்ள குறையைக் காட்டும் அசைல்கார்னிட்டின் ரத்த மாதிரியை நோய் முற்றியிருக்கும்போதே எடுங்கள். குணமான பின் நார்மலாகக் காட்டக்கூடும். இவர்களுக்கு வெறும் சலைன் போதாது, டெக்ஸ்ட்ரோஸ் (சர்க்கரை) சேர்த்தால்தான் தசை மேலும் உடையாது. டிஸ்சார்ஜ் சீட்டில் இரண்டு வரி கட்டாயம் எழுதுங்கள்: காய்ச்சலில் சாப்பிடாமல் இருந்தால் உடனே வர வேண்டும், அறுவைக்குப் போனால் சக்சினைல்கோலின் என்ற தசைத் தளர்ச்சி மருந்தைத் தவிர்க்கும்படி மயக்கவியல் மருத்துவரிடம் இந்தச் சீட்டைக் காட்ட வேண்டும்.