மறு: டம்னாஷியோ மெமோரியே – தமிழில் என்ன சொல்லலாம்?

> "நினைவழிப்பு" என்றே வைத்துவிடலாமே, பார்த்தவுடன் புரியுமே.

புரியும், ஆனால் தப்பாகப் புரியும் என்பதுதான் என் கவலை. பண்டைய ரோமில், வெறுக்கப்பட்ட ஒருவர் இறந்தபின் அவர் பெயரையும் உருவத்தையும் கல்வெட்டு, சிலை, ஓவியங்களிலிருந்து நீக்குவதைத்தான் டம்னாஷியோ மெமோரியே என்கிறோம்.

கேட்டாவையே எடுத்துக்கொள்வோம் (ரோமப் பேரரசரின் பெயர்தான், 'யாராவது கேட்டா' இல்லை). 2024இல் வந்த கிளாடியேட்டர் படத்தின் இரண்டாம் பாகத்தில் காரகல்லாவும் இவனும் இரட்டையர்கள். உண்மையில் காரகல்லா பிறந்தது 188, கேட்டா 189. 211 டிசம்பரில் அண்ணன் ஆள் வைத்துத் தம்பியைத் தாய் ஜூலியா டோம்னாவின் கைகளிலேயே கொன்றான், அப்புறம் பேரரசு முழுக்கக் கேட்டாவின் பெயரையும் உருவத்தையும் நீக்க ஆரம்பித்தார்கள். ரோமில், 203இல் எழுப்பிய, அவர்களுடைய அப்பா செப்டிமியஸ் செவெரஸின் வெற்றி வளைவில் உள்ள கல்வெட்டின் நான்காவது வரியைப் பாருங்கள்: கேட்டாவின் பெயர் இருந்த இடத்தில் 'மிகச் சிறந்த, மிக வீரம் மிக்க' என்று பொதுவான புகழ்மொழியைப் போட்டு நிரப்பியிருக்கிறார்கள். ஆனால் பழைய வெண்கல எழுத்துகளைப் பொருத்திய துளைகள் கல்லில் அப்படியே இருப்பதால், இன்றைக்கும் அவன் பெயரைப் படித்துவிட முடிகிறது! பெர்லினில் உள்ள மரப்பலகை ஓவியம் இன்னும் மோசம்: அப்பா, அம்மா, காரகல்லா எல்லாரும் நம்மைப் பார்க்கிறார்கள், நான்காவது ஆளுக்கு உடம்பு இருக்கிறது, முகம் சுரண்டப்பட்டிருக்கிறது. முதலில் கண் போவது அந்த வெற்று முகத்துக்குத்தான்.

இதை அழிப்பு என்றால் எப்படி? தழும்பு தெரியவேண்டும் என்றே தண்டித்த மாதிரி இருக்கிறது. லத்தீனிலும் 'டம்னாஷியோ' என்றால் தண்டனைத் தீர்ப்புத்தான். 'நினைவுக் கண்டனம்' என்று இன்னொருவர் சொன்னது கட்சி அறிக்கை போல ஒலிக்கிறது, 'பெயர் நீக்கம்' என்றாலோ ரேஷன் கார்டு ஞாபகம் வருகிறது.

என் பரிந்துரை: நினைவொறுப்பு. 'இன்னாசெய் தாரை ஒறுத்தல்' என்று குறளில் படித்த அதே ஒறுத்தல், தண்டித்தல். கல்லில் பெயரைக் கொத்தி எடுக்கும் செயலுக்கு மட்டும் 'பெயர்வெட்டு' என்று தனியாக வைத்துக்கொள்ளலாம். எழுத்தைப் பொறிப்பதற்கும் வெட்டு, அதைக் கொத்தி எடுப்பதற்கும் வெட்டு, தமிழில் இது தானாக அமைந்துவிட்டது.

———

ஐயா, ஒறுப்பு நல்ல சொல், ஆனால் இரண்டு ஆட்சேபம். ஒன்று, யாராவது ஒரு எழுத்தைத் தப்பாகத் தட்டினால் 'நினைவுறுப்பு' ஆகி மூளை அறிவியல் கட்டுரைக்குப் போய்விடும். இரண்டாவதுதான் முக்கியம். 96இல் பேரரசர் டொமிஷியன் கொல்லப்பட்டதும் செனட் சபையினர் ஏணி கொண்டுவரச் சொல்லி, அவனுடைய உருவங்களைக் கண்ணெதிரே இறக்கித் தரையில் மோதவைத்தார்கள், அவன் நினைவு முழுவதையும் ஒழிக்கவேண்டும் என்றே தீர்மானம் போட்டார்கள் என்கிறார், பேரரசர்களின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய ரோமானியர் சூட்டோனியஸ். அவர்களே 'ஒழிக்க' என்று சொல்லும்போது 'அழிப்பு' எப்படித் தவறாகும்?

———

நல்ல அடி, ஒத்துக்கொள்கிறேன். தீர்மானத்தின் வாசகம் ஒழிப்புத்தான். ஆனால் 'டம்னாஷியோ மெமோரியே' என்ற தொடரை ரோமானியர்கள் இந்தப் பொருளில் கலைச்சொல்லாக வைத்திருக்கவில்லை, அது 1689இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் வந்த ஓர் ஆய்வேட்டின் தலைப்பிலிருந்து பரவியது. அதாவது நாம் பெயர் வைப்பது பின்னால் வந்தவர்கள் உருவாக்கிய கருத்துக்கு, அந்தத் தீர்மானத்துக்கு இல்லை. அதனால் டொமிஷியன் கட்டுரையில் சூட்டோனியஸை மொழிபெயர்க்கும் இடத்தில் 'நினைவை ஒழிக்க' என்றே எழுதுங்கள், தலைப்பில் நினைவொறுப்பு இருக்கட்டும். தட்டச்சுப் பிழைக்குப் பயந்தால் 'நினைவு ஒறுப்பு' என்று பிரித்தே எழுதிவிடலாம், எனக்கு ஆட்சேபமில்லை.