மறு: சித்திரைக் கண்டல் நடுகை நிதி (காசு அனுப்ப முதல் வாசியுங்கள்)

அனுப்புவது: மில்லடி வீட்டு மூத்தவள், ஒஸ்லோ

அன்பான உறவுகளுக்கு,

ஊர்ச் சங்கச் செயலாளர் தம்பியின் மடல் கிடைத்தது. வருடப்பிறப்பையொட்டி ஊரில் இரண்டு நாள் விழா. முதல் நாள் கடலோரக் களப்புக் கரையில், உப்புச் சேற்றில் வளரும் கண்டல் மரக்கன்று 1,000 நடுகை, மறுநாள் கடற்கரைத் துப்பரவும் கலை நிகழ்ச்சியும். மொத்தம் ஆறரை லட்சம் ரூபாய், ஒரு குடும்பத்துக்கு ஆகக் குறைந்தது 100 பவுண். என் பங்கை நான் இன்னும் அனுப்பவில்லை.

மாசிக் கடைசியில் என் சித்தியின் மகன் மெல்பேணிலிருந்து பிள்ளைகளோடு ஊருக்குப் போய் வந்தான். திருகோணமலைக் கோணேசர் கோயிலுக்குப் போன அன்று, கோட்டை வாசலில் ஒரு புள்ளிமான் யாரோ சோறு தின்றுவிட்டு எறிந்த பொலித்தீன் லஞ்ச் சீற்றை மென்று விழுங்குவதைப் பார்த்து அவனுடைய சின்னவள் அழுதுவிட்டாளாம். அது தனிக் கதை, அதற்கும் யாராவது ஒரு மடல் எழுத வேண்டும். அவளை ஆற்றுவதற்காக, "வா, எங்கள் ஊரார் நட்ட மரங்களைக் காட்டுகிறேன்" என்று களப்புக்குக் கூட்டிப் போயிருக்கிறான்.

போன சித்திரையில் நட்ட 1,000 கன்றில் தகப்பனும் மகளும் எண்ணியது 43. மற்றதெல்லாம் காய்ந்த குச்சி. ஒன்றைப் பிடுங்கினால் கறுப்புப் பொலித்தீன் பை கிழிக்கப்படாமல் அப்படியே வேரோடு வந்திருக்கிறது. வேர் பைக்குள்ளேயே சுருண்டு பந்தாகிக் கிடக்கிறது. படம் அனுப்பினான். படத்தின் மூலையில் பதாகை கட்டிய கம்பு இரண்டும் நல்ல உறுதியாக நிற்கின்றன.

தப்பிய 43உம் எங்கே நிற்கின்றன என்று கேட்டேன். எல்லாம் பழைய கண்டல்களின் அடியில், முழங்கால் சேற்றில், விழா முடிந்த பிறகு மிஞ்சிய கன்றுகளை நம் பெடியன்கள் கொண்டுபோய்க் குத்திவிட்ட இடத்தில். செத்ததெல்லாம் தெருவோரத்து இறுகின தரையில். அங்கே ஏன் நட்டோம் என்றால், பிரதம விருந்தினரின் வாகனம் அதற்கு அப்பால் போகாது.

நம் பக்கத்துக் கடலில் வற்றுப்பெருக்கு ஒரு முழம் சொச்சம்தான். அந்த ஒரு முழத்துக்குள்தான் கண்டலுக்குப் பிழைப்பு. கொஞ்சம் மேலே வைத்தால் காயும், கொஞ்சம் கீழே வைத்தால் மூழ்கும். இதில் மாதமும் பிழை. வாடைக்காற்று மழை தையோடு ஓய்ந்துவிடும். சித்திரையில் களப்பு வற்றத் தொடங்கும், உப்பு ஏறும். பிறகு கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று, பிடித்தால் புரட்டாதி வரை ஒழுங்கான மழையில்லை. வருடப்பிறப்பு நமக்கு லீவு, கன்றுக்கு அது கோடை.

நாம் மட்டும் செய்த பிழை இல்லை இது. சுனாமிக்குப் பிறகு இலங்கையில் கண்டல் நட்ட 23 இடங்களை நம் நாட்டு ஆய்வாளர்கள் போய்ப் பார்த்து 2017இல் எழுதியிருக்கிறார்கள். நட்டது 1,000 ஹெக்டேயருக்கு மேல், தேறியது 200 சொச்சம். 9 இடங்களில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை. பொருந்தாத இடத்தில் நட்டதும், நட்டபின் திரும்பிப் பார்க்காததும்தான் பெரிய காரணங்கள்.

எங்கள் அப்புச்சி கண்டல் நட்டு நான் பார்த்ததில்லை. அவர் பட்டை உரிப்பார். நூல் வலைக் காலம் அது. பட்டையை இடித்து அண்டாவில் போட்டு அவித்து, அந்தச் சிவந்த தண்ணீரில் கரைவலையை முக்கி எடுத்து வாடியடியில் காயப்போடுவார். வளவெல்லாம் ஒரு துவர்ப்பு மணம் அடிக்கும், எங்கள் சட்டையிலும் கறை. ஒரு மரத்தில் ஒரு பக்கம்தான் உரிக்கலாம், மற்றப் பக்கம் மரத்துக்கு என்பார். நைலோன் வந்தது, அண்டா கோழிக்குத் தண்ணீர் வைக்கப் போனது. அவ்வளவு வெட்டியும் உரித்தும் அந்தக் காலத்தில் கண்டல் குறையவில்லை. ஏனென்றால் உப்புத் தண்ணீர் வந்து போனது. கண்டல் காய் மரத்திலேயே முளைத்து முருங்கைக்காய் மாதிரித் தொங்கும். விழுந்து மிதந்து போய்ச் சேறு கண்ட இடத்தில் ஊன்றிக்கொள்ளும். அதற்குப் பதாகை கட்டத் தேவையில்லை.

இப்போது தண்ணீர் வருவதில்லை. தெரு மதகின் வாயில் யாரோ கிரவல் மண் கொட்டியிருக்கிறார்களாம். கடல் பக்கம் தண்ணீர் நிற்கிறது, களப்புப் பக்கம் வெடித்த சேறு. 1,000 கன்றல்ல, 10,000 வைத்தாலும் சாகும்.

ஆகவே நான் கேட்பது இது. சித்திரையில் சித்திரைக்குரியதைச் செய்வோம். கடல் அமைதியாக இருக்கும் மாதம், கரையில் கிடக்கிற வலைத்துண்டும் போத்தலும் பொறுக்கலாம். களப்பு வற்றுகிற நேரம், மதகைத் தோண்டித் திறக்கலாம். மருத்துநீர் வைத்துத் தோயலாம், போர்த்தேங்காய் அடிக்கலாம். சித்திராபௌர்ணமிக்குக் கஞ்சி காய்ச்சிச் சித்திரபுத்திரனார் கதை படிக்கலாம். படிக்கிற ஐயாவுக்கு 82 வயது, பாட்டுக்குப் பொருள் விளக்கிப் பயன் சொன்னவர் போன வருடம் காலமாகிவிட்டார். அந்தக் குரலை ஒரு கைத்தொலைபேசியிலாவது பதிந்துவைக்க நமக்குத் தோன்றவில்லை, ஆனால் ஒலிபெருக்கி மட்டும் மட்டக்களப்பிலிருந்து வந்தது. நடுகையை ஐப்பசி, கார்த்திகைக்குத் தள்ளுங்கள். அதுவும் மதகு திறந்த பிறகு தேவைப்பட்டால் மட்டும்.

மதகுக்கு என்றால் என் 100 பவுண் இன்றைக்கே வரும்.

---

அனுப்புவது: கிளாக்கர் மாமா, ஸ்காபரோ

பிள்ளை, நீ எழுதியது சரி. அப்புச்சியின் அண்டா எனக்கும் ஞாபகம். ஆனால் எல்லோரும் முக்கியமானதை விட்டுவிட்டீர்கள்.

போன வருடம் சேர்ந்தது 480,000 ரூபாய். செயலாளர் தம்பி மூன்று தரம் கேட்ட பிறகு அனுப்பிய கணக்கின்படி, பதாகையும் ரீ-சேட்டும் 135,000. மேடை, ஒலிபெருக்கி 110,000. சாப்பாடு 92,000. கன்று ஒன்று 60 ரூபாய்ப்படி 60,000. கூட்டினால் 397,000. மிச்சம் 83,000க்கு நேரே "இதர" என்று போட்டிருக்கிறது. இந்த இதர என்பவர் யார்? அவர் நம் சங்கத்தில் சந்தா கட்டுகிறாரா?

தப்பியது 43 என்றால் ஒரு கண்டல் நமக்கு 11,163 ரூபாய்க்கு முடிந்திருக்கிறது. அந்த விலைக்கு நல்ல சாதித் தென்னங்கன்று வாங்கி ஊரெல்லாம் வைத்திருக்கலாம்.

வாசிகசாலைச் சீமெந்துக் கதையை நான் இப்போது எடுக்கவில்லை. எடுக்கவேண்டி வந்தால் எடுப்பேன். பற்றுச்சீட்டுகளின் பிரதி வரும்வரை ஸ்காபரோப் பக்கத்திலிருந்து ஒரு சதமும் போகாது.

---

அனுப்புவது: பெரிய வளவு, ஹரோ

இரண்டு மடல்களையும் வாசித்து மனம் நொந்துபோனேன்.

நாம் எந்த ஊர்க்காரர் என்பதை மறந்துவிட்டீர்கள். போர்த்துக்கேயன் கோயிலை இடித்து அந்தக் கல்லிலேயே 1624இல் கோட்டை கட்டினான். கோயில் போனதா? 1956இல் சுழியோடி மைக் வில்சன் கடலுக்கடியிலிருந்து லிங்கத்தை எடுத்து வந்தார், திரும்பவும் கட்டினோம். அப்படிப்பட்ட மண்ணில் பிறந்தவர்கள் 60 ரூபாய்க் கன்றுக்குக் கணக்குப் பார்க்கிறோம். 2024இல் ஐநாவே இலங்கையின் கண்டல் மீட்பைப் பாராட்டியிருக்கிறது. பக்கத்து ஊர்க்காரர் ட்ரோன் பறக்கவிட்டு நடுகை செய்து வீடியோ போட்டிருக்கிறார்கள். நாம் மதகு தோண்டுகிற படத்தையா போடுவது?

தங்கச்சி ஒஸ்லோவிலிருந்து எழுதுவது சுலபம். மில் கைமாறின வருடம் உங்கள் வீட்டுக்காக யார் கையெழுத்து வைத்தது என்பதை நான் இங்கே எழுதப் போவதில்லை. புது வீட்டு வேலைச் செலவுக்கு நடுவிலும் இந்த முறை மேடைச் செலவு முழுவதும் நான் ஏற்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். விழா நடக்கும்.

---

அனுப்புவது: வாத்தியார், ஊரிலிருந்து

எல்லோருக்கும் வணக்கம். தொலைபேசியில் எழுதுகிறேன், எழுத்துப்பிழை பொறுக்கவும்.

போன முறை நடுகைக்கு 9ஆம் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டி வந்தது நான்தான். பையைக் கிழித்துவிட்டு நடவேண்டும் என்று சொல்லிக்கொடுத்திருந்தேன். விருந்தினர் இரண்டு மணித்தியாலம் பிந்தி வந்தார், வெயில் ஏறிவிட்டது, கெதியாக முடியுங்கள் என்றார்கள். பிள்ளைகள் பையோடு வைத்துவிட்டார்கள். அந்தப் பிழை என்னுடையது.

மதகைப் பற்றி மூத்தவள் அக்கா கேட்டதற்கு. அந்தக் கிரவல் 14 லோட். பெரிய வளவுப் புது வீட்டுக்கு லொறி உள்ளே போகப் பாதை எடுத்தபோது கொட்டியது. ஹரோ அண்ணனுக்குத் தெரியாமலிருக்கலாம், மேசன்மார் செய்த வேலை. நான் மேசனிடம் இரண்டு தரம் சொன்னேன். வீட்டு வேலை முடிந்ததும் அள்ளுவோம் என்றார். முகப்புப் பூச்சு இன்னும் மிச்சம் இருக்கிறது.

மண் தோண்டுகிற பெக்கோ ஒரு நாள் பிடித்தால் போதும். கிராம சேவகரிடமும் பிரதேச சபையிலும் கடிதம் கொடுத்து நான் அனுமதி எடுக்கிறேன். வருடப்பிறப்புக்கு முதல் திறந்தால் நல்லது, இறால் குஞ்சும் உள்ளே வரும்.

கதை படிக்கிற ஐயாவை வெள்ளிக்கிழமை போய்ப் பார்த்தேன். பதிவு செய்ய விருப்பம்தான், ஆனால் பயன் சொல்ல ஆளில்லாமல் படிக்கமாட்டாராம். என்னை உட்காரச் சொல்கிறார். பழகிப் பார்க்கிறேன்.

---

அனுப்புவது: கிளாக்கர் மாமா, ஸ்காபரோ

வாத்தியாருக்கு நன்றி. பெக்கோவுக்கு உரிய பற்றுச்சீட்டைச் சங்கத்தின் பேரில் எழுதுவதா, பெரிய வளவின் பேரில் எழுதுவதா? ஹரோத் தம்பி இன்றைக்குள் பதில் போட்டால் நல்லது. "இதர" என்று மட்டும் எழுதவேண்டாம்.