முற்றத்தில் இறங்கும் எருக்கம்பஞ்சும் இலவம்பஞ்சும் ஒன்றா?

கேள்வி (கானாடுகாத்தான்):
அனைவருக்கும் வணக்கம். பங்குனி, சித்திரை மாதங்களில் எங்கள் வீட்டு வளவில் நண்பகலில் உட்கார்ந்திருந்தால், முற்றத்தின் வழியாக வெண்பஞ்சு ஒவ்வொன்றாக இறங்கி வந்து, வெயிலில் காய்ந்த தரைக்கு ஒரு சாண் உயரத்தில் தயங்கி நின்று, மறுபடியும் எழும்பி ஓட்டுக்கூரையைத் தாண்டிப் போய்விடுகிறது. அவை கண்மாய்க்கரை எருக்கஞ்செடிகளிலிருந்து வருபவை. மெத்தையில் அடைக்கும் இலவம்பஞ்சும் இதுவும் ஒரே வகைதான் என்று அப்பத்தா சொல்வார்கள். அது சரியா? இடைவெளி விட்டு நிற்கும் இத்தனை மெல்லிய இழைகள் வித்தின் பாரத்தை எப்படித் தாங்குகின்றன?

மறுமொழி (காரைக்குடி, தாவரவியல் ஆசிரியை):
பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். இழை முளைக்கும் இடம்தான் வேறு. எருக்கில் வித்தின் ஒரு முனையிலிருந்தே குஞ்சம்போல் இழைகள் வளர்கின்றன. இலவத்திலோ அவை காயின் உட்சுவரிலிருந்து வளர்பவை. வித்துகள் பஞ்சுக்குள் ஒட்டாமல் கிடப்பதால்தான் காயை உடைத்து உதறினாலே உதிர்ந்துவிடுகின்றன. பருத்தியில் நிலைமை இன்னும் வேறு: வித்தின் மேல்தோலிலுள்ள உயிரணு ஒன்று நீண்டு ஓர் இழையாகிறது, ஆகவே அரைவை ஆலையில்லாமல் கொட்டையைப் பிரிப்பது பெரும்பாடு. வாசலோரம் முளைக்கும் மூக்குத்திப் பூண்டில் பூவின் புல்லிவட்டமே இறகுபோன்ற இழைகளாக மாறியிருக்கிறது. நான்கு செடிகள் வெவ்வேறு இடங்களிலிருந்து ஒரே வேலைக்கான கருவியைச் செய்துகொண்டிருப்பது, எத்தனை ஆண்டுகள் பாடம் நடத்தினாலும் எனக்கு வியப்புக் குறையாத செய்தி.

முடிந்தால், வெடிக்கும் தறுவாயிலுள்ள எருக்கங்காய் ஒன்றைப் பிளந்து பாருங்கள். பால் கண்ணில் படாமல் கவனமாக இருங்கள்.

மறுமொழி (தேவகோட்டை):
தாங்குவது எப்படி என்பதற்கு என் விளக்கம் இது. மயிரிழை அளவிலான பொருளுக்குக் காற்று நமக்குத் தெரிவதுபோல லேசானதன்று. எண்ணெயைப்போல் பிசுபிசுப்பாக அதைப் பற்றிக்கொள்கிறது. ஒவ்வோர் இழையையும் ஒட்டிய காற்று அதனோடு இழுபடுவதால், அடுத்தடுத்த இழைகளுக்கு இடையிலுள்ள சந்து வழியாக மிகக் கொஞ்சம் காற்றே புகுந்து போகிறது. வெற்றிடமாகத் தோன்றும் குஞ்சம் ஏறக்குறைய விரித்த குடையைப்போல் நடந்துகொள்கிறது. குளிர்நாடுகளில் வளரும் டான்டேலியன் செடியின் வித்தை எடின்பரோ பல்கலைக்கழகத்தார் காற்றுக்குழலில் மிதக்கவிட்டு ஆராய்ந்து 2018இல் முடிவை வெளியிட்டார்கள். அதன் உச்சியில் தட்டுபோல் விரிந்திருப்பவை சுமார் 100 இழைகள்தான். பரப்பில் 90 சதவீதத்துக்கு மேல் இடைவெளி. அந்த இடைவெளி வழியே கசியும் சிறிதளவு காற்றினால், தட்டுக்குச் சற்று மேலே காற்று வளையமாகச் சுழன்று கலையாமல் நிற்கிறது. வித்து சாயாமல் மெல்ல இறங்குவதற்கு அதுவே துணை. எருக்கின் குஞ்சம் அவ்வளவு ஒழுங்கான தட்டாக இல்லாததால் அதே வளையம் இங்கும் உண்டாகும் என்று சொல்லமாட்டேன், ஆனால் இழைகள் காற்றைப் பற்றும் விதம் ஒன்றுதான். இறங்கும் வேகம் அவ்வளவு குறைந்துவிட்டபின், சூடான தரையிலிருந்து எழும் காற்றே அதை மறுபடி தூக்கப் போதுமானது. நீங்கள் முற்றத்தில் பார்ப்பது அதைத்தான்.

மறுமொழி (பள்ளத்தூர்):
எங்கள் வீட்டுத் தூண் மூலைகளில் சேரும் பஞ்சில் பெரும்பாலும் வித்தே இருப்பதில்லை. எதிலாவது மோதும்போது வித்து கழன்றுவிடும்போலும். வெறும் குஞ்சம்தான் வீட்டுக்குள் வருகிறது.

கேள்வி கேட்டவர்:
ஆசிரியை அம்மா சொன்னபடி காயைப் பிளந்தேன். தட்டையான பழுப்பு வித்துகள் நாட்டு ஓடு வேய்ந்ததுபோல ஒன்றன்மேல் ஒன்று அடுக்கியிருந்தன. அவற்றின் இழைகள் வாரி முடிந்த கூந்தலைப்போல் ஈரமாக ஒரே பக்கம் படிந்திருந்தன. தட்டில் வைத்து வெயிலில் காயவிட்ட அரைமணியில் குஞ்சங்கள் விரிந்து ஒன்றையொன்று தள்ளத் தொடங்கின. பிறகு ஒன்றை மட்டும் தண்ணீரில் தொட்டு, உலர்ந்த இன்னொன்றோடு மாடியிலிருந்து ஒருசேர விட்டேன். நனைந்தது கல்லாக முற்றத்தில் விழுந்தது. உலர்ந்தது பக்கத்து வீட்டுச் சுவரைத் தாண்டும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.